மாடு தின்னாத புல்

எங்கள் வீட்டு மாடியில் புல் முளைத்த கதையை நான் இதுவரை எழுதியதில்லை. காரணம், வெட்கம்தான். 'முளைத்த' என்று சொன்னதே பொய். 2018ஆம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு ஆட்கள் அதைக் கல்யாண வீட்டு ஜமக்காளம் மாதிரி சுருட்டித் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கத்தரித்தார்கள், ஒட்டினார்கள், மத்தியானச் சாப்பாட்டுக்குள் விரித்துவிட்டுப் போய்விட்டார்கள். பிளாஸ்டிக் புல்!

ஆதம்பாக்கத்தில் நாங்கள் இருக்கும் முதல் மாடி வீட்டில் கூடத்தை ஒட்டி ஒரு திறந்த தளம் உண்டு. இருபது அடி நீளம், பன்னிரண்டு அடி அகலம். அப்பா காலமான பிறகு, பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அம்மாவை அழைத்துக்கொண்டு வந்தேனே, அப்போதுதான் அந்தத் தளத்துக்கு ஒரு மரியாதை ஏற்பட்டது. அம்மாவுக்கு விடியற்காலையில் நடக்க வேண்டும். அதுவும் வெறுங்காலோடு நடக்க வேண்டும். எங்கள் தெருவிலோ மோட்டார் சைக்கிள்கள் போக மிச்சமிருக்கும் இடத்தில் நாய்கள் படுத்திருக்கும்.

"மண்ணுல கால் வைக்காம நீங்கல்லாம் எப்படிடா இருக்கீங்க?" என்று அம்மா கேட்டாள். நான் அதற்கு விடையாகப் புல் வாங்கினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: ஒரு நண்பர் வீட்டில் பார்த்த ஆசையும் அதில் பாதி உண்டு. அம்மாவின் பெயரைச் சொல்லி நம் ஆசையைத் தீர்த்துக்கொள்வது புதிய வழக்கம் அல்லவே!

விரித்தாயிற்று. பச்சைப் பசேல் என்று கண்ணைப் பறித்தது. அம்மா நிலைப்படியில் நின்று பார்த்தாள். குனிந்து ஒரு இழையைப் பிடித்து இழுத்தாள். அது வரவில்லை. மூக்கின் அருகே கையைக் கொண்டுபோய் முகர்ந்தாள்.

"இதை மாடு தின்னுமா?"

"தின்னாதும்மா."

"அப்புறம் என்னடா புல்லு?"

என் நாவல்களுக்கு எத்தனையோ மதிப்புரைகள் வந்திருக்கின்றன. இவ்வளவு சுருக்கமாக ஒருவரும் என்னைத் தீர்த்துக் கட்டியதில்லை.

அம்மா கேட்டதில் நியாயம் இல்லாமலும் இல்லை. இந்தப் புல் பிறந்த கதையே சற்று வேடிக்கையானது. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் 1965ஆம் வருஷம் கூரை போட்ட ஒரு பெரிய விளையாட்டு அரங்கம் கட்டினார்கள். உள்ளே நிஜப் புல் வளர வேண்டும் என்பதற்காகக் கூரையில் வெளிச்சம் புகும் பலகைகளைப் பதித்தார்கள். ஆட வந்தவர்களுக்கோ அந்தக் கூச்சத்தில் மேலே பறக்கும் பந்து தெரியவில்லை. சரி என்று கூரைக்கு வர்ணம் பூசினார்கள். பந்து தெரிந்தது, புல் செத்தது. செத்த புல்லுக்கும் மண்ணுக்கும் பச்சை வர்ணம் அடித்து அந்தப் பருவத்தை ஓட்டிவிட்டு, மறு வருஷம் 1966இல் செயற்கைப் புல்லைக் கொண்டுவந்து விரித்தார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் ஒரு பள்ளிக்கூடத்தில்தான் அதை முதன்முதலில் பரீட்சை பார்த்திருந்தார்கள். ஹூஸ்டன் அரங்கத்தின் பெயரால் அதற்கு 'ஆஸ்ட்ரோடர்ஃப்' என்று நாமகரணம் ஆயிற்று.

நம் நாட்டுக்கு அந்தப் புல் செய்த உபகாரம் கொஞ்சநஞ்சம் அல்ல. 1975இல் கோலாலம்பூரில் நிஜப் புல்லில் ஆடி உலகக் கோப்பை வென்ற நம் ஹாக்கிக் குழு, மறு வருஷம் மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் செயற்கைப் புல்லில் இறங்கி ஏழாவது இடத்துக்குப் போயிற்று. 1928 முதல் வெறுங்கையோடு திரும்பியறியாதவர்கள்! 1980இல் மாஸ்கோவில் அதே மாதிரிப் புல்லில் நம் தமிழ்நாட்டுக்காரர் வி. பாஸ்கரன் தலைமையில் தங்கம் வாங்கிக் கணக்கைத் தீர்த்தார்கள் என்றாலும், பள்ளிக்கூட மண்தரையில் மட்டை பிடித்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டவன் என்ற முறையில் எனக்கு அந்தப் புல்லின்மேல் ஒரு பழைய பகை உண்டு. அந்தப் பகையை மறந்துதான் என் மாடியில் அதற்கு இடம் கொடுத்தேன்.

அம்மா ஒரு வாரம் அதன்மேல் கால் வைக்கவில்லை. எட்டாம் நாள் விடியற்காலையில் எழுந்து பார்த்தால் நடந்துகொண்டிருந்தாள். நான் பார்த்துவிட்டதைக் கவனித்து, "ராத்திரி பனி இறங்கியிருக்கு. காலுக்கு இதமா இருக்கு" என்றாள், ஏதோ பனிக்காகத்தான் புல்லை மன்னித்தவள் மாதிரி. வெயில் ஏறிவிட்டால் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது. நிஜப் புல் தண்ணீரை மூச்சாக விட்டுத் தன்னைக் குளிர்த்திக்கொள்ளும். பிளாஸ்டிக் என்ன செய்யும்? சித்திரை மாதத்துப் பன்னிரண்டு மணிக்கு அதில் கால் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சிமெண்டுத் தரை எவ்வளவு தயாளம் உள்ளது என்று. ஆகவே காலை ஐந்தரை மணி, மாலை ஐந்தரை மணி. நிலைப்படியிலிருந்து கோணலாகக் குறுக்கே நடந்து தென்கிழக்கு மூலையில் இருக்கும் துளசித் தொட்டி வரைக்கும் போவாள். அங்கிருந்து கைப்பிடிச் சுவர் ஓரமாகத் திரும்பி வருவாள். ஒரு நாளைக்கு இருபது சுற்று. இரண்டு வருஷத்தில் அந்த வழி ஒற்றையடிப் பாதையாகத் தெரிய ஆரம்பித்தது.

2021இல் அம்மாவின் கண்ணில் நீர் அழுத்தம் என்று கண்டுபிடித்தார்கள். இந்த வியாதி வாசலில் மணி அடித்துவிட்டு வருவதில்லை. ஓரப் பார்வையைத்தான் முதலில் தின்னும். நடுவில் உள்ளது பத்திரமாக இருக்கும். அம்மா ஊசியில் நூல் கோப்பாள். பேப்பரில் என் கதைக்குப் போட்ட படம் நன்றாக இல்லை என்பாள். ஆனால் காலடியில் கிடக்கும் சொம்பு தெரியாது. "போன பார்வை திரும்பாது. சொட்டு மருந்தை ஒரு வேளைகூடத் தவறவிடாமல் போட்டு இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்" என்றார் டாக்டர். மருந்தை என் மனைவிதான் தவறாமல் போட்டு வந்தாள். என்னை நம்பி அந்தக் காரியத்தை ஒப்படைக்க அவள் அசடல்ல.

அவள் எண்ணியது சரி என்பதை நானே நிரூபித்தேன்.

இந்தப் புல் சுமார் ஆறரை அடி அகலச் சுருளாக வரும். பன்னிரண்டு அடி அகலத்தை மூட இரண்டு துண்டு வேண்டும். நடுவில் நெடுக ஒரு மூட்டு விழும். அடியில் ஒரு நாடாவை வைத்துப் பசை தடவி ஒட்டியிருப்பார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் மாடியில் வடிகுழாய் அடைத்துக்கொண்டு இரண்டு நாள் தண்ணீர் தேங்கிற்று. வடிந்தபின் பார்த்தால், மூட்டு மூன்று இடத்தில் வாயைப் பிளந்திருந்தது. ஓரம் அப்பளம் மாதிரி மேலே சுருண்டிருந்தது. நான் பார்த்தேன், பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பொங்கல் கழித்துச் செய்யலாம் என்றேன். பொங்கல் போயிற்று. ஒரு தொடர்கதையின் கடைசி அத்தியாயங்கள் கழுத்தைப் பிடித்தன. அது முடிந்தது. வெயில் அதிகம், ஆடி பிறக்கட்டும் என்றேன்.

ஆடி பிறந்தது. ஒரு காலை ஐந்தே முக்கால் மணிக்குத் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. நான் ஓடிப் போனபோது அம்மா தரையில் உட்கார்ந்து வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். பாதை மூட்டைக் கடக்கும் இடத்தில், சுருண்ட ஓரத்தில் கால் கட்டைவிரல் மாட்டியிருந்தது. அம்மா அழவில்லை. "நீ தூங்கு. எழுதிட்டு லேட்டாத்தானே படுத்தே" என்றாள். அதற்குப் பதில் நாலு வார்த்தை வைதிருக்கலாம்.

மணிக்கட்டில் எலும்பு விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு.

அன்று மாலையே என் மனைவி தீர்ப்பு எழுதிவிட்டாள். "பிரிச்சு எறியுங்க அந்தப் பீடையை. புதுசு போடுறதுன்னா போடுங்க, இல்லைன்னா வெறும் தரையா இருக்கட்டும்" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க யோக்கியதை ஏது? விரித்த கம்பெனிக்கே போன் செய்தேன். ஒரு இளைஞர் வந்தார், குனியாமல் பார்த்தார். "இதுக்கு ஆயுசு முடிஞ்சு போச்சு சார். ரிப்பேர்ல்லாம் நிக்காது. புதுசு போட்டா 26,000 ஆகும். பழசை நீங்களே டிஸ்போஸ் பண்ணிக்கணும்" என்றார்.

கடைசி வாக்கியம்தான் என்னை நிறுத்திற்று. எங்கே கொண்டுபோய்ப் போடுவது? இழை ஒரு பிளாஸ்டிக். அதைத் தைத்திருக்கும் அடித்துணி வேறு. இரண்டையும் பிடித்துவைத்திருக்கும் ரப்பர்ப் பூச்சு வேறு. ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்து உருக்குவது லேசில் ஆகிற காரியமில்லை. குப்பை வண்டியில் ஏற்றினால் போய் மலையாகக் கிடக்கும், மக்கவே மக்காது. பெருங்குடிக் குப்பைமேட்டையும் அதை ஒட்டிப் பள்ளிக்கரணைச் சதுப்பில் நிற்கும் பறவைகளையும் ரயிலில் போகும்போது பார்த்தவன் நான். மாடு தின்னாத புல் என்று அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. மண்ணும் தின்னாது.

ஆனால் இந்த நியாயத்தை வீட்டில் சொன்னால், அம்மாவின் கையை விடக் குப்பைமேடு உனக்குப் பெரிதா என்று கேட்பார்கள். கேட்பது சரியும்கூட. ஆகவே வாயைத் திறக்காமல் குஷன் கடைக்குப் போனேன்.

எங்கள் பேட்டையில் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் ஆட்டோவுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் சீட்டுத் தைக்கிற சிறிய கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரரை எல்லாரும் பாய் என்றே கூப்பிடுவோம். அறுபது வயது இருக்கும். விஷயத்தைச் சொன்னதும், "புல்லை நான் தச்சதில்லை சார். ஆனா மகமல் தச்சிருக்கேன். வந்து பாக்கறேன்" என்றார்.

வந்தார். கம்பெனி இளைஞர் குனியாத இடத்தில் அவர் மண்டியிட்டு உட்கார்ந்தார். உள்ளங்கையை ஒரு திசையில் தடவினார், எதிர்த்திசையில் தடவினார். "பாத்தீங்களா, இதுக்கும் மகமல் மாதிரி ஒரு சாய்வு இருக்கு. இந்தப் பக்கம் தடவினா படியும், அந்தப் பக்கம் தடவினா எழுந்திருக்கும். துண்டு போட்டா இந்தச் சாய்வு பாத்துப் போடணும். மாறிப் போச்சுன்னா காலம் பூரா கண்ணுல குத்தும்" என்றார். பிறகு மூட்டைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்து, "அடித்துணி நல்லா இருக்கு. பசைதான் விட்டிருக்கு. துணி நல்லா இருந்தா எதையும் காப்பாத்தலாம் சார்" என்றார். இரண்டு வருஷம் கல்லூரியில் பௌதிகம் கேட்ட எனக்கு ஒரு பொருளை அப்படித் தொட்டுப் பார்க்க யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை தொடங்கியது. நான்தான் சிற்றாள். முதலில் மூட்டு நெடுகிலும் ஓரங்களை மடித்துப்போட்டு, பழைய பசையையும் அழுக்கையும் சுரண்டி, வெயிலில் நன்றாகக் காயவிட்டோம். ஈரத்தின்மேல் எந்தப் பசையும் நிற்காதாம். புது நாடாவை நடுவில் வைத்து, நாடாவிலும் புல்லின் அடியிலுமாக இரண்டு பக்கமும் மஞ்சள் சொல்யூஷன் தடவினார். நான் உடனே ஒட்டப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

"அவசரப்படாதீங்க. விரலால தொட்டா ஒட்டக் கூடாது. அப்பதான் ஒட்டும்."

கால் மணி நேரம் காத்திருந்தோம். விரல் வைத்தேன், ஒட்டவில்லை. பிறகு ஓரத்தோடு ஓரம் சேர்த்து, இடையில் ஒரு இழைகூட மாட்டிக்கொள்ளாமல் சீப்பால் இரண்டு பக்கமும் வாரி ஒதுக்கி, அமுக்கினார். அதன்மேல் ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு தையல் போட்டார். பிறைபோல் வளைந்த ஊசி, நைலான் நூல். மேலேயிருந்தே குத்தி மேலேயே வெளிவரும். "பசை ஒரு மழைக்குத் தாங்கும், தையல்தான் பல மழைக்குத் தாங்கும்" என்றார். தைத்த இடத்தின்மேல் செங்கல் அடுக்கி ராத்திரி முழுதும் விட்டோம்.

அடுத்தது வட்டக் காயம். 2019 தீபாவளியில் என் மகன் விட்ட தரைச்சக்கரத்தின் ஞாபகார்த்தம் அது. நெருப்புப் பட்டு இழைகள் உருகிக் கட்டியாக இறுகியிருந்தன. பாய் அந்த இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்தார். மேலேயிருந்து வெட்டினால் இழை அறுந்துபோகும் என்று, புரட்டிப் போட்டு அடித்துணியில் தையல் வரிசைகளை எண்ணி, இரண்டு வரிசைக்கு நடுவே கத்தியை ஓட்டினார். அதற்கு ஈடாக, என் மனைவியின் செம்பருத்தித் தொட்டிக்கு அடியில் இருந்து அதே அளவு துண்டு எடுத்துப் பதித்தார். கருகிய துண்டு தொட்டிக்கு அடியில் போயிற்று. பொருத்தம் பிரமாதம், நிறம் மட்டும் பொருந்தவில்லை. ஆறு வருஷம் வெயிலே படாத துண்டு, 2018இல் வந்த அன்றைய பச்சையோடு இருந்தது. சுற்றிலும் இருப்பது வெளுத்துச் சாம்பல் பூத்திருந்தது. வெளுப்பது இவ்வளவு சிறுகச் சிறுக நடந்திருக்கிறது; நாங்கள் யாரும் கவனிக்கவே இல்லை.

மறுநாள் மாலை நாலு மணிக்கு வாருகிற வேலை. இழை சூடாக இருக்கும்போது வாரினால்தான் சொன்னபடி கேட்கும். சாய்வுக்கு எதிர்த்திசையில் தென்னந்துடைப்பத்தால் வாரி நிமிர்த்தி, தண்ணீர் வடிகட்டும் தொட்டிகளில் போடுகிற பொடி சிலிகா மணலை இரண்டு மூட்டை வாங்கித் தூவி, மறுபடி வாரினோம். மணல் இழைகளின் அடியில் இறங்கி உட்கார்ந்து, அவற்றைத் தாங்கி நிற்க வைக்கிறது. கால் வாசித் தளம் முடிவதற்குள் என் இடுப்பு முடிந்துவிட்டது. பாய் நிறுத்தவில்லை. பாதை இருந்த இடத்தில் இழைகள் பாதி ஒடிந்திருந்தன. அங்கே இன்னும் கொஞ்சம் மணல் போட்டு மேடு பள்ளம் தெரியாமல் நிரவினார். முடித்து நிமிர்ந்தபோது, முழுக்கப் புதியது போலவே இருந்தது. என் மனைவிகூட நிலைப்படியில் வந்து நின்று, "பரவாயில்லையே!" என்றாள்.

மணி ஐந்தரை. மாவுக்கட்டுக் கையோடு அம்மா வந்தாள். வழக்கம்போல் நிலைப்படியைத் தாண்டிக் காலை வைத்தாள். இரண்டடி நடந்தாள். மூன்றாவது அடியில் நின்றுவிட்டாள். வலது காலை முன்னால் நீட்டி இடமும் வலமும் துழாவினாள். இடது கை காற்றில் சுவரைத் தேடிற்று.

"தம்பி, வழி எங்கேடா?"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. துளசித் தொட்டி எதிரே பதினைந்து அடியில், பெரியதாக, சிவப்பு வர்ணம் அடித்து இருந்தது.

"நேரேதாம்மா. துளசி தெரியலையா?"

அம்மா பதில் சொல்லவில்லை. எத்தனை மாதமாகத் தெரியவில்லை என்று நான் கேட்கவும் இல்லை. ஊரில் ராத்திரி வேளையில் விளக்கில்லாமல் வரப்பில் நடந்து வருவாளே, அதேபோல் இங்கேயும் பாதத்தால் நடந்துகொண்டிருந்திருக்கிறாள். படிந்த புல் என்றால் வழி, நிமிர்ந்த புல் என்றால் வழி தப்பிற்று. நாங்கள் தேய்ந்துபோயிற்று என்று நினைத்த இடம்தான் அவளுக்கு எல்லாம். நான் 26,000 ரூபாயை எண்ணிக் கொடுத்திருந்தால் அதையும் சுருட்டி எறிந்திருப்பேன்.

என் மனைவி ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பாய் ஒன்றும் கேட்கவில்லை. "அம்மா, எப்பவும் நடக்கிறாப்பல நடங்க. மருமக பிடிச்சுக்குவாங்க. நான் பின்னாலேயே வரேன்" என்றார். அம்மா நடந்தாள், தொட்டி வரைக்கும் போய், சுவரோரமாகத் திரும்பினாள். பாய் பின்னால் குனிந்தபடியே வந்து சாக்பீஸால் புள்ளி வைத்துக்கொண்டே போனார். பிறகு உட்கார்ந்து, அந்த ஓர் அடி அகலத்தில் தூவியிருந்த மணலையெல்லாம் கைத்துடைப்பத்தால் பெருக்கி எடுத்து, இழையைச் சாய்வுப் பக்கமாகவே படிய வாரிவிட்டார். நானும் வெறுங்காலோடு அதன்மேல் நூறு தடவை நடந்தேன். இருட்டும்வரை நடந்தேன்.

மொத்தச் செலவு 2,300 ரூபாய். பாய் தன் கூலிக்கு மேல் வாங்க மறுத்துவிட்டார். போகும்போது வளைந்த ஊசி ஒன்றையும் நைலான் நூலையும் என்னிடம் கொடுத்து, "ஒவ்வொரு மழை முடிஞ்சதும் ஒரு தடவை குனிஞ்சு பாருங்க சார்" என்றார்.

அடுத்த வாரமே கண் டாக்டரிடம் போனோம். சொட்டு மருந்து ஒன்று இரண்டாயிற்று. ஒன்றை இப்போது நான் போடுகிறேன். காலை ஐந்து மணிக்கு உள்ளது.

கட்டுப் பிரித்தபின் அம்மா பழையபடி நடக்கிறாள். கரும்பச்சைச் சதுரம் அவள் வழியில் இல்லை. இருந்தும் ஒருநாள் விலகிப் போய் அதைக் காலால் கண்டுபிடித்துவிட்டாள். "இந்த இடத்துல மட்டும் புல்லு சின்னப் பிள்ளையா இருக்கு" என்றாள்.

போன மழைக்குப் பிறகு குனிந்து பார்த்தேன். கிழக்குக் கோடியில் இரண்டு விரற்கடைக்குத் தையல் விட்டிருந்தது. அன்றைக்கு ஒரு பத்திரிகைக்குக் கதை அனுப்பக் கடைசி நாள். கதை கிடக்கட்டும் என்று ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வளைந்த ஊசி பாயின் கையில் ஓடுவதுபோல் என் கையில் ஓடவில்லை. விரலில் இரண்டு தரம் குத்திற்று. ஒரு வழியாக முடித்தேன்.

மாலையில் அம்மா சுவரோரமாகத் திரும்பி வந்தவள் அந்த இடத்தில் நின்றாள். கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பார்த்தாள்.

"இது பாய் தச்சதில்லையே?"

"இல்லேம்மா. நான்தான்."

"அதான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, அதைத் தாண்டி நடந்தாள்.